சங்கத் தள முகவரி: ஞாயிறுக்குள் பதில் தேவை

நண்பர்களே, வணக்கம். விழா மலர் விற்க ஷாப்பிஃபையில் (இணையக் கடை நடத்த உதவும் சேவை) தளம் தயார். முகவரிதான் இன்னும் அவர்கள் தந்த மைஷாப்பிஃபை.காம் வாலோடு நிற்கிறது. சொந்த டொமைன் (தளத்துக்கான முகவரிப் பெயர்) வாங்க வேண்டும்.

1. பெயர் யோசனைகளை ஞாயிறு இரவு 8 மணிக்குள் அனுப்பவும். சின்னதாக, போனில் சொன்னாலே எழுத வரவேண்டும். ‘ழ’ வேண்டாம், ஆளுக்கொரு ஸ்பெல்லிங் அடிப்பார்கள்.
2. டாட் காமா, டாட் இன்னா? ஒன்றைச் சொல்லவும்.
3. பதிவு சங்க மின்னஞ்சலில் மட்டும். போன முறை ஒருவரின் சொந்த ஐடியில் வாங்கினோம். புதுப்பிக்கச் சொல்லி வந்த மெயிலை யாரும் பார்க்கவில்லை, பெயரே கைவிட்டுப் போனது.
4. லாகின் பொறுப்புக்கு இருவர் தேவை. கை தூக்கவும்.

திங்களன்று இணைப்போம். டிஎன்எஸ் (பெயரைத் தளத்தோடு இணைக்கும் இணையப் பதிவு) மாற்றம் எல்லா இடத்துக்கும் போய்ச்சேர 48 மணி நேரம்கூட ஆகலாம். அதுவரை “சைட் திறக்கலையே” என்று போன் வேண்டாம், ப்ளீஸ்.