முதலில் மேசை, பிறகு ரேடியோ

அன்பு மகன் இளங்கோவுக்கு,

அம்மா எழுதுவது. கரோல்பாக் அறையில் வாக்கி டாக்கி ட்யூன் பண்ண மேசை, அதாவது அளக்கும் கருவிகளோடு ஒரு பணிமேசை, போடுவதாகச் சொன்னாய். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்று எழுதுகிறேன். "ட்யூன் போச்சு" என்று வருகிற ரேடியோவைத் தொடும் முன், உன் மேசை காட்டும் அளவு உண்மையா என்று பார்த்துக்கொள். தப்பான மேசையில் நல்ல ரேடியோவும் கெட்டுப்போகும்.

பவர் சப்ளை லீனியராக (கனமான ட்ரான்ஸ்ஃபார்மர் வைத்த வகை) இருக்கட்டும், 7.5 வோல்ட், 3 ஆம்பியர். மலிவான எஸ்.எம்.பி.எஸ்.ஸின் (வேகமாக ஆன்-ஆஃப் ஆகி மின்சாரம் தரும் சப்ளை) இரைச்சல் ரிசீவருக்குள் வந்துவிடும். 5 வாட் செட், பி.டி.டி.யை (பேசும்போது அழுத்தும் பொத்தான்) அழுத்தினால், ஏறத்தாழ ஒன்றரை முதல் 2 ஆம்பியர் இழுக்கும். மெல்லிய வயரில் அரை வோல்ட் தொலைந்தால் பவர் குறைந்ததாகத் தெரியும், நீ ரேடியோவைக் குற்றம் சொல்வாய். பி.டி.டி. அழுத்தியபடியே ரேடியோவின் பேட்டரி முனையில் வோல்டேஜை அளந்து பார்.

அடுத்தது அட்டென்யுவேட்டர், சிக்னலைக் குறைத்து அனுப்பும் துண்டு. இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதே. 5 வாட் என்பது 37 டிபிஎம் (1 மில்லிவாட்டை 0 என்று வைத்து டிபியில் சொல்லும் பவர் அளவு; 10 டிபி என்றால் பத்து மடங்கு). அலைவரிசை வாரியாக சிக்னலைக் காட்டும் சின்ன ஸ்பெக்ட்ரம் அனலைசர்கள் பலவும் 10 டிபிஎம்முக்கு மேல் தாங்காது. நடுவில் 40 டிபி போட்டால் மைனஸ் 3 டிபிஎம்தான் போகும், பயமில்லை. ஆனால் ரேடியோ பக்கம் வரும் முதல் துண்டு 25 வாட் தாங்கவேண்டும். சர்வீஸ் மானிட்டர் (ரேடியோவைச் சோதிக்க எல்லாம் சேர்ந்த ஒரே கருவி) வாங்கினால், அதிக பவர் தாங்கும் போர்ட் எது, ஆன்டெனா போர்ட் எது என்று மேனுவலைப் பார்த்து லேபிள் ஒட்டிவை. மாற்றிச் செருகி ஒருமுறை பி.டி.டி. அழுத்தினால் போதும், மானிட்டரின் முன்பகுதி எரிந்துவிடும். சோதனைக்கு ஆன்டெனாவை மாட்டி ஒலிபரப்பாதே. அந்த அலைவரிசை வேறொருவருடையது.

ஆன்டெனா மாட்டும் எஸ்.எம்.ஏ. கனெக்டரில் கவனம். சீன ரேடியோக்கள் பலவற்றில் ஊசி ரேடியோ பக்கமே இருக்கும். ரிவர்ஸ் வகை அடாப்டர் மரையில் சரியாக ஏறும், ஆனால் நடுவில் தொடர்பே இருக்காது. பாகங்களை அங்கே டில்லி லஜ்பத் ராய் மார்க்கெட்டில் தேடு. கிடைக்காததை இங்கே பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் வாங்கி அனுப்புகிறேன். கேபிள், அடாப்டர் இழப்பையும் கணக்கில் சேர். 1 டிபி போனால் 5 வாட் 4 வாட்டாகத் தெரியும். அதைச் சரிசெய்வதாக நினைத்து ஏற்றினால் ரேடியோ உண்மையில் 6 வாட்டுக்கு மேல் கக்கும். ஃபைனல் ட்ரான்சிஸ்டர் சூடேறும், பேட்டரியும் சீக்கிரம் தீரும்.

ஆடியோ பக்கம் ஒரு கண்ணி இருக்கிறது. நிறைய செட்களில் ஸ்பீக்கரின் இரண்டு முனையும் ஆம்ப்ளிஃபயரிலிருந்தே வரும், எதுவும் கிரவுண்ட் இல்லை. கருவியின் கிரவுண்ட் கிளிப்பை அங்கே கடித்தால் ஆடியோ ஐ.சி. போய்விடும். நடுவில் ஐசோலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர் போடு. மைக் பக்கம் 10 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டரைத் தொடராகப் போடு. இல்லாவிட்டால் மைக்குக்கான டி.சி. மின்சாரம், டோன் கொடுக்கும் ஜெனரேட்டருக்குள் போகும்.

இனி ரேடியோ. கம்ப்யூட்டரில் இணைத்து, உள்ளே இருக்கும் ட்யூனிங் மதிப்புகளை முதலில் சேமித்துவை. சானல் பட்டியல் போனால் திரும்ப அடிக்கலாம். ஃபேக்டரி மதிப்புகள் போனால் மீட்க வழியில்லை.

ரெஃபரன்ஸ் ஆஸிலேட்டரிலிருந்து (ரேடியோவின் அலைவரிசைக்கு அடிப்படைத் துடிப்பு தரும் பாகம்) தொடங்கு, அனுப்புவதும் கேட்பதும் அதை நம்பித்தான். அலைவரிசையை அளக்கும் கவுன்டரை அரைமணி நேரமாவது சூடேற விடு. 450 மெகாஹெர்ட்ஸில் 2 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 2 பங்கு) பிசகினால் 900 ஹெர்ட்ஸ் விலகும், 12.5 கிலோஹெர்ட்ஸ் சானலில் அது சின்னதல்ல. டில்லியில் ஜனவரிக் குளிரிலும் ஜூன் வெயிலிலும் அறை ஒன்றுபோல் இருக்காது, 25 டிகிரி சுற்றில் வைத்துத் திருத்து.

பிறகு பவர். ஒவ்வொரு முறை பி.டி.டி. அழுத்தும்போதும் பத்து விநாடிக்குள் முடித்து ஆறவிடு.

அதன்பின் டீவியேஷன், அதாவது பேச்சுக்கு ஏற்ப அலைவரிசை நடுவிலிருந்து விலகும் அளவு. 1 கிலோஹெர்ட்ஸ் டோன் கொடுத்து டீவியேஷன் 1.5 கிலோஹெர்ட்ஸ் வரும்வரை டோனின் அளவை ஏற்று, 12.5 சானலுக்கு அதுதான் வழக்கமான அளவு. அங்கிருந்து டோனை 20 டிபி உயர்த்து. அப்போதும் 2.5 கிலோஹெர்ட்ஸைத் தாண்டக்கூடாது. இரண்டு இடத்தில் மாடுலேஷன் (பேச்சை அலையில் ஏற்றுவது) நடக்கும் செட்டாக இருந்தால், டீவியேஷனைத் தொடும் முன்பே பேலன்ஸைப் பார்த்துவிடு. தாழ்ந்த டோனும் உயர்ந்த டோனும் ஒரே அளவில் வரவேண்டும். பேலன்ஸ் கெட்டால் பேச்சு நன்றாகத்தான் கேட்கும், ஆனால் டி.சி.எஸ். கோடு (தன் குழுவின் ரேடியோவுக்கு மட்டும் ஒலியைத் திறக்கும் டிஜிட்டல் குறி) திறக்காது.

கடைசியாக ரிசீவர். 12 டிபி சைனாடுக்கு (இரைச்சலோடு ஒப்பிட்டால் ஒலி எவ்வளவு தெளிவு என்ற அளவு) நல்ல செட் மைனஸ் 119 டிபிஎம் அருகில், அதாவது கால் மைக்ரோவோல்ட்டில், நிற்கும். எண்ணை நம்பும் முன் கேபிளைக் கழற்றிப் பார். கழற்றியும் சிக்னல் கேட்டால் உன் ஜெனரேட்டரோ கேபிளோ கசிகிறது, அந்த அளவு செல்லாது. சிக்னல் இல்லாதபோது இரைச்சலை அடக்கும் ஸ்க்வெல்ச்சை இதெல்லாம் முடிந்தபின் தொடு. செட்டின் மேனுவல் வேறு சொன்னால் அதைக் கேள்.

சாப்பிட்டுவிட்டு உட்கார். வாங்கும் அட்டென்யுவேட்டரின் படத்தை அனுப்பு, ரேட்டிங்கைப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா
ஜாலஹள்ளி, பெங்களூரு