குழாய் கர்ப்பத்துக்கு அலைச்சல் காரணம் இல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல, கரு கர்ப்பப்பைக்கு வராம கருக்குழாய்லயே தங்கிடறதுக்கு அலைச்சலும் வெயிட் தூக்கறதும் காரணம்னு போட்டிருந்தீங்க, படிச்சதுல இருந்து மனசு ஆறல, அதான் எழுதறேன். நான் லேப் டெக்னீஷியன். என் தங்கச்சிக்கு இது நடந்துச்சு. கடைசியா தலைக்கு குளிச்சு ஏழு வாரம், லேசா ரத்தம் பட்டுச்சு, அடிவயித்துல ஒரு பக்கமா வலி, அப்புறம் தோள்பட்டை வலிக்குதுன்னா. காட்டின இடத்துல வாயுத் தொல்லைன்னு சொல்லி மாத்திர குடுத்து அனுப்பிட்டாங்க. அன்னைக்கு ராத்திரியே பாத்ரூம்ல மயங்கி விழுந்துட்டா, குழாய் வெடிச்சு உள்ள கசிஞ்ச ரத்தம், நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கற உதரவிதானத்த உறுத்தினா வலி தோள்லதான் தெரியும்னு அப்புறம்தான் எங்களுக்கு புரிஞ்சுது. உயிர் பொழச்சா, ஒரு குழாய எடுத்துட்டாங்க. வீட்டுக்கு வந்தவங்க எல்லாம் நீ ஸ்கூட்டி ஓட்டினதாலதான்னு சொல்லி சொல்லி அவளையே நம்ப வச்சுட்டாங்க.

ஸ்கூட்டிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல சார். கருக்குழாய்க்கு உள்பக்கம் பூரா சிலியான்னு பொடிப்பொடி முடி மாதிரி இருக்கும், அது அசைஞ்சு அசைஞ்சு, குழாயோட தசையும் சுருங்கி விரிஞ்சு, கருவ கர்ப்பப்பைக்கு நகத்திட்டு வரும். உடலுறவுல தொத்தற கிளமிடியா மாதிரி கிருமி அங்க ஏறிடுச்சுன்னா, நிறைய பேருக்கு ஒரு அறிகுறியும் தெரியாது, ஆனா குழாய்ல இருக்கற செல்லுங்க சைட்டோகைன்னு சொல்ற சிக்னல் மூலக்கூறுகள விட ஆரம்பிச்சிடும், இன்டர்லூக்கின் 1, 6, 8, டிஎன்எஃப் ஆல்ஃபா எல்லாம் அந்த வகைதான். வெள்ளணுக்கள கூப்பிட்டு கிருமிய அடிக்கத்தான் அது வருது, ஆனா அந்த சண்டையில சிலியாவும் சேந்து அழியுது, அங்கங்க தழும்பு விழுந்து ஒட்டிக்குது. இன்டர்லூக்கின் 6 பட்டா சிலியா துடிக்கற வேகமே குறையறத லேப்ல பாத்திருக்காங்க. இன்னொன்னு, கர்ப்பப்பையில கரு ஒட்டறதுக்கு உதவற எல்ஐஎஃப்ங்கற சிக்னல், வீக்கம் வந்த குழாய்ல அதிகமா சுரக்குது. அதாவது வழியில மாட்டின கருவுக்கு அந்த இடமே இங்க ஒட்டிக்கோன்னு சொல்ற மாதிரி ஆயிடுது. கிருமி எப்பவோ போயிருக்கும், தழும்பு போகாது.

நம்ம நாட்டுல டிபி கூட குழாய இப்படி கெடுக்குது. சிகரெட்டும் ஒரு காரணம். இது எதுவுமே இல்லாம வர்றவங்களும் கிட்டத்தட்ட பாதிப்பேர் இருக்காங்க, அதனால குழாய் கர்ப்பம்னாலே ஒரு பொண்ண சந்தேகமா பாக்கறதும் தப்பு. நூறு கர்ப்பத்துல ஒண்ணு ரெண்டு இப்படி ஆகுது, அதுல 90 சதவீதத்துக்கு மேல குழாய்லதான்.

வெள்ளைப்படுதல் நாத்தத்தோட இருந்து அடிவயிறும் வலிச்சா வெக்கப்படாம காட்டணும், கிளமிடியான்னு வந்தா புருஷனும் சேந்து மருந்து சாப்பிடணும், இல்லேன்னா திரும்ப திரும்ப தொத்தும். இத எங்கயுமே எழுத மாட்டேங்கறாங்க. சீக்கிரம் கண்டுபிடிச்சா சில பேருக்கு கரு வளர்றத நிறுத்தற மெத்தோட்ரெக்ஸேட் ஊசியிலயே சரியாயிடும், குழாய வெட்ட வேண்டியதில்ல. ரெண்டு நாள் விட்டு ரத்தத்துல பீட்டா ஹெச்சிஜிங்கற கர்ப்ப ஹார்மோன பாக்கும்போது நம்பர் சரியா ஏறலேன்னாலே நாங்க உடனே டாக்டருக்கு போன் பண்ணிடுவோம்.

அந்த கட்டுரைக்கு ஒரு திருத்தம் போடுங்க, அதே ஞாயிறு பக்கத்துலயே போடுங்க சார். நாள் தள்ளிப்போன பொண்ணுக்கு ஒருபக்க வயித்துவலி, மயக்கம், தோள்வலி வந்தா அன்னைக்கே ஸ்கேன் எடுக்கணும்னு கட்டம் கட்டி போடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருச்சி