முயல்களுக்கு முன்னால் பெஜாயாவைச் சொல்லுங்கள்

பள்ளிக் கணிதப் பாடநூல்களை எழுதும் ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். பல ஆண்டுகள் வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். ஃபிபோனாச்சி என்றதும் ஒரு ஜோடி முயல் மாதாமாதம் பெருகும் புதிரில் தொடங்கி, 1, 1, 2, 3, 5, 8 என்று எழுதி, சூரியகாந்திப் பூவில் முடித்துவிடுகிறோம். 'இத்தாலியக் கணித மேதை' என்ற அடைமொழியோடு அவர் கதை தீர்ந்துவிடுகிறது. அவருக்கு எண் கற்றுக்கொடுத்த ஊரின் பெயர் மாணவர் காதில் விழுவதே இல்லை. எனக்கு இது பெரும் குறையாகப் படுகிறது.

அந்த ஊர், இன்றைய அல்ஜீரியாவின் கடற்கரையில் குராயா மலையடியில் இருக்கும் பெஜாயா. 11-ஆம் நூற்றாண்டில் ஹம்மாதிய மன்னர் அன்-நாசிர் எழுப்பிய துறைமுக நகரம். அங்கிருந்து கப்பலேறிய தேன்மெழுகு எவ்வளவு பேர் வாங்கியதென்றால், பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் மெழுகுவர்த்தியை அந்த ஊர்ப் பெயராலேயே 'பூஜி' என்கிறார்கள். 12-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பீசா நகரத்து வணிகர்களுக்காக அங்கே சுங்க அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர் லியோனார்தோவின் தந்தை; ஃபிபோனாச்சியின் இயற்பெயர்தான் லியோனார்தோ. சிறுவனான மகனை அங்கே வரவழைத்துக் கணக்குப் படிக்க வைத்தார். பின்னாளில் எகிப்து, சிரியா, கிரேக்கம், சிசிலி என்று சுற்றியபோதும், இந்தியர்களின் ஒன்பது எண்ணுருக்கள் தம் மனத்தைக் கவர்ந்தது பெஜாயாவில்தான் என்று லியோனார்தோவே எழுதிவைத்திருக்கிறார்.

1202-இல் அவர் எழுதிய 'லிபர் அபாசி'யின் முதல் அத்தியாயத்தைப் பாருங்கள். எண்களை 9 8 7 6 5 4 3 2 1 என்று தருகிறார். இதை வலமிருந்து இடமாகப் படித்தால் ஒன்று முதல் ஒன்பது வரை ஒழுங்காக வரும். லத்தீனில் எழுதியவரின் வரிசையில் அரபு எழுத்தின் திசை அப்படியே தங்கிவிட்டது என்றே நான் படிக்கிறேன். இதைக் கரும்பலகையில் எழுதி, "ஏன் ஒன்பதில் தொடங்குகிறார்?" என்று கேட்டபோது, பின்வரிசைப் பிள்ளைகள்கூட எழுந்து நின்று பார்த்தார்கள். ஒன்பது எண்ணுருக்களுக்கு அடுத்து 0 வருகிறது. அரபியில் அதன் பெயர் 'சிஃப்ர்'. அவர் லத்தீனில் 'செஃபிரும்' என்றார். அது தேய்ந்து 'ஜீரோ' ஆனது. நம் பாட்டிமார் சொன்ன 'சைபர்' அதே சொல்லின் இன்னொரு கிளை. இவ்வளவு கிட்டத்தில் இருக்கும் உறவைப் பிள்ளைகளிடமிருந்து ஏன் மறைக்க வேண்டும்?

அந்நூலில் பொருள்களின் விலை, பண்டமாற்று, கூட்டு வணிகத்தில் லாபப் பங்கீடு, நாணயக் கலப்பு எல்லாம் அத்தியாயம் அத்தியாயமாக வருகின்றன. துறைமுகத்தில் அன்றாடம் புழங்கிய கணக்குகள் அவை. முயல்கள் வருவது பன்னிரண்டாம் அத்தியாயத்தில், பல புதிர்களுக்கு நடுவே ஒன்றாக.

பெஜாயாவுக்கு வந்தவர் அவர் ஒருவர் மட்டுமல்லர். 1325-இல் மெக்கா நோக்கிப் புறப்பட்ட மொராக்கோப் பயணி இபின் பதூதா அங்கே காய்ச்சலில் விழுந்தும் பயணத்தை நிறுத்த மறுத்தார். 1365-இல் வரலாற்றறிஞர் இபின் கல்தூன் அங்கே அமீரின் தலைமை அதிகாரியாக இருந்துகொண்டே பள்ளிவாசலில் பாடமும் நடத்தினார். அறிவைத் தேடியவர்கள் கூடிய ஊர் அது.

அடுத்த பதிப்பில் அரைப் பக்கம் ஒதுக்குங்கள். மத்தியதரைக் கடலின் வரைபடம் ஒன்று, அதில் பீசாவுக்கும் பெஜாயாவுக்கும் ஒவ்வொரு புள்ளி, கீழே அந்த 9 8 7 வரிசை. முயல்கள் அதற்கு அடுத்த பக்கத்தில் வரட்டும்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர்