மாப்பிள்ளைக்கு, செகண்ட் கியர் எழுதுவது

அன்புள்ள மாப்பிள்ளை,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு ஆவணியில் பதில் எழுதுகிறேன். திட்டுவதென்றால் இப்போதே திட்டிக்கொள், பிறகு இடம் இருக்காது. இங்கே எல்லோரும் சுகம். உன் சம்பந்தி முட்டிக்கு என்ன வைத்தியம் பார்க்கிறார்? குற்றாலத்தில் இந்த வருஷம் சாரலுக்குக் குறையில்லை. புலியறை வயல்களைப் பார்த்தால் நீ சென்னையை விட்டு ஓடி வந்துவிடுவாய். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

வண்டி இழுக்கவில்லை.

ஒரு மாதமாக இந்த ஒன்றைத் தவிர வேறு நினைப்பு இல்லை. ஆடி பதினெட்டு கழிந்து நாலைந்து நாள் இருக்கும். பாவூர்சத்திரம் சந்தையில் தடியங்காய் ஏற்றிக்கொண்டு புனலூருக்குப் புறப்பட்டேன். செங்கோட்டை வரைக்கும் ஒரு குறையும் இல்லை. புலியறை தாண்டி ஏற்றம் பிடித்ததும், எப்போதும் மூன்றாவதில் போகிற இடத்தில் இரண்டாவது கேட்டது. இரண்டாவதில் போகிற இடத்தில் ஒன்றாவது. பின்னால் பார்த்தால் கரும்புகை. எனக்குப் பின்னால் வந்த கார்க்காரன் மலையாளத்தில் என்னவோ சொல்லிவிட்டுப் போனான். நல்ல வார்த்தை இல்லை.

கேலி பண்ணாதே. செகண்ட் கியர் என்று நீ வைத்த பேர் நாற்பது வருஷம் கழித்துப் பலித்துவிட்டது என்று நினைப்பாய். தெரியும்.

இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பினால் வண்டி குதிரை மாதிரி வருகிறது! அதுதான் என்னை ஏமாற்றியது. முதலில் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தேன். சுத்தமாகத்தான் இருந்தது, இருந்தாலும் மாற்றினேன். டீசல் ஃபில்டர் மாற்றினேன். டேங்க் மூடியைத் திறந்துவைத்து ஓட்டினேன், காற்றோட்டம் அடைத்திருந்தால் டீசல் வராதே என்று. ஒன்றும் மாறவில்லை. பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கிறதோ என்று, ஓட்டி நிறுத்திய சூட்டோடு ஒவ்வொரு டிரம்மையும் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் ஒரே சூடு. கிளட்ச் வழுக்குகிறதோ என்று ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மூன்றாவதில் போட்டு கிளட்சை விட்டேன். எஞ்சின் சட்டென்று அணைந்தது. அப்படியென்றால் கிளட்ச் கெட்டியாக இருக்கிறது. இதெல்லாம் உன்னிடம் படித்த வித்தைதான்.

இங்கே ஒரு பெரிய பட்டறையில் கொண்டுபோய் விட்டேன். நிறுத்தி வைத்து ரேஸ் கொடுத்துப் பார்த்தார்கள். புகையே இல்லை. டீசல் பம்பை இறக்க வேண்டும், டீசலைப் பீய்ச்சுகிற நாசில் நாலையும் பார்க்க வேண்டும் என்றார்கள். இறக்கினார்கள், பார்த்தார்கள், பதினெட்டாயிரம் வாங்கினார்கள். மறுநாள் வெங்காயம் ஏற்றிக்கொண்டு போனேன். அதே இடம், அதே புகை.

எஸ் வளைவுக்குக் கீழே வண்டியை ஓரங்கட்டி உட்கார்ந்திருந்தபோது ரயில் சத்தம் கேட்டது. 1904-இல் போட்ட பாதை, மீட்டர்கேஜாக இருந்த காலத்திலேயே பின்னால் இன்னொரு எஞ்சினை வைத்துத் தள்ளித்தான் இந்த மலையை ஏற்றினார்கள். பதின்மூன்று கண் பாலத்தின் அடியில் படுத்துக்கொண்டு, எந்த எஞ்சின் அதிகம் திணறுகிறது என்று நாம் பந்தயம் கட்டியது நினைவிருக்கிறதா? எனக்கும் பின்னால் தள்ள ஒரு எஞ்சின் இருந்தால் தேவலை என்று தோன்றியது. கோட்டைவாசல் கருப்பனுக்குத் தேங்காய் உடைக்காமல் நான் இந்த எல்லையைத் தாண்டியதில்லை. அன்றைக்கு இரண்டு உடைத்தேன்.

கடைசியில் புகை மேஸ்திரியிடம் போனேன். ஆமாம், இன்னும் இருக்கிறார். கண் ஒன்று மங்கிவிட்டது, வாய் மங்கவில்லை. “புகை என்ன நிறம்?” என்றார். கருப்பு என்றேன். “டீசல் போகுது, காத்து போகலை. வெள்ளையா வந்தா வேற. நீலமா வந்தா ஆயில் எரியுது. புகையே இல்லாம இழுக்கலைன்னா டீசல் வரலைன்னு அர்த்தம். கருப்புன்னு தெரிஞ்சும் பம்பை எதுக்குடா இறக்கின?” என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை. “நின்ன இடத்துல ரேஸ் கொடுத்தா, எஞ்சினுக்குள்ள காத்தை அமுக்கித் தள்ளுற டர்போல காத்து கட்டுமா? முதுகுல மூட்டை இருக்கும்போதுதானே அதுக்கு வேலை?” என்றார்.

சொன்னதோடு விடவில்லை. முதலில், புகைக்குழாயை மூடி வண்டியின் வேகத்தை அடக்குகிற எக்ஸாஸ்ட் பிரேக் தகடு பாதி மூடிய நிலையில் சிக்கியிருக்கிறதா என்று பார்த்தார். மலை இறக்கத்தில் தினமும் அதைப் பிடிக்கிற வண்டி, அப்படிச் சிக்கினாலும் புகை போக வழியில்லாமல் இழுவை போய்விடும் என்றார். அது சரியாகத்தான் இருந்தது. பிறகு டர்போவிலிருந்து, அந்தக் காற்றைக் குளிர வைக்கிற இன்டர்கூலருக்குப் போகிற குழாயின் இரண்டு வாயையும் அடைத்து, கம்ப்ரசரிலிருந்து கொஞ்சமாகக் காற்று விட்டார். ஒரு கிலோ அழுத்தத்துக்கு மேல் போகாதே என்று பையனை அதட்டிக்கொண்டே இருந்தார். பிறகு சவரம் பண்ணுகிற பிரஷ்ஷால் சோப்புத் தண்ணீரைக் குழாய் முழுக்கத் தடவினார். மேலே ஒன்றுமில்லை. பக்கத்தில் ஒன்றுமில்லை. கண்ணாடியை அடியில் பிடித்துக் காட்டினார். ரப்பர் ஹோஸின் அடிவயிற்றில், கிளிப்புக்கு ஒட்டினாற்போல, ஒரு குமிழி. சுண்டைக்காய் அளவில் ஆரம்பித்து எலுமிச்சங்காய் ஆகி உடைந்தது. அடுத்தது கிளம்பியது. காற்றை நிறுத்தியதும் அந்த வெடிப்பு உதட்டை மூடிக்கொண்டது. கையால் தடவிப் பார்த்தால்கூடத் தெரியாது. ஆயிலும் தூசியும் சேர்ந்து அந்த இடத்தில் மட்டும் கருப்பாக அப்பியிருந்தது, அவ்வளவுதான் அடையாளம். ஏற்றத்தில் காற்று கட்டுகிற நேரத்தில் மட்டும் வாயைத் திறந்து, எஞ்சினுக்குப் போக வேண்டியதை வெளியே விட்டிருக்கிறது. சுமை இல்லாதபோது ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி கிடந்திருக்கிறது, திருட்டுப் பயல்.

ஹோஸும் கிளிப்பும் கூலியும் சேர்த்து மூவாயிரம்கூட ஆகவில்லை. கூலியை நான்தான் வற்புறுத்திக் கொடுத்தேன். இப்போது எஸ் வளைவில் மூன்றாவதில் போகிறேன்.

இவ்வளவும் எழுதினேனே, எழுத உட்கார்ந்த காரணத்தை இன்னும் சொல்லவில்லை. உன் அக்கா மகன்.

என் வண்டியில் கிளீனராக வந்து ஆறு மாதம் ஆகிறது. பம்பு இறக்குவதற்கும் ஒரு வாரம் முன்பே, “மாமா, ஏற்றத்துல என் பக்கம் உஸ்ஸுன்னு ஒரு சத்தம் வருது” என்று சொன்னான். பாட்டுச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. காற்றுச் சத்தம்டா, கண்ணாடியை ஏற்று என்று சொல்லிவிட்டேன். முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்தவனுக்கு அவன் சொல்லியா தெரிய வேண்டும்?

வெங்காய லோடு அன்றைக்கு, எஸ் வளைவில் எஞ்சின் அணைந்துபோனது. ஓணச் சந்தைக்கு என்று வழக்கத்தைவிட இரண்டு டன் அதிகம் ஏற்றியிருந்தேன். இதையும் உன்னிடம்தான் சொல்கிறேன். அவன் குதித்து ஓடிப் பின்சக்கரத்துக்குக் கட்டை போட்டான். பின்னால் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. எனக்கு அவசரம். “போட்டேன் மாமா” என்று அவன் சொல்வதற்கு முன்னால் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டேன். வண்டி ஒரு சாண்தான் பின்னால் வந்தது. அவன் கை இன்னும் கட்டை மேல் இருந்தது.

மோதிர விரல். நகம் போய்விட்டது, நுனியில் மூன்று தையல். எலும்பு தப்பியது. அந்த ஒரு சாண் ஒரு முழமாக இருந்திருந்தால்? ராத்திரி இந்த இடத்துக்கு வந்ததும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

அக்காவிடம் கதவிடுக்கில் விரல் மாட்டியது என்று சொல்லியிருக்கிறான். நான் சொல்லச் சொல்லவில்லை, அவனாகச் சொன்னான். அவளும் நம்பி, “பார்த்துப் பிடிக்கக் கூடாதாடா” என்று அவனைத்தான் ஏசினாள். நான் பக்கத்தில் நின்று காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். அந்தக் காப்பி இறங்கவில்லை மாப்பிள்ளை.

தையல் பிரித்தாகிவிட்டது. நாளை முதல் வருகிறேன் என்கிறான். சம்பளத்தைக் கூட்டியிருக்கிறேன், பாட்டுப் பெட்டியை நானே கழற்றி வீட்டில் வைத்துவிட்டேன். அக்காவிடம் உண்மையைச் சொல்லாமல் அவனை மறுபடியும் ஏற்ற எனக்கு மனசில்லை. நான் போய்ச் சொன்னால் அழுவாள், நீ சொன்னால் திட்டுவாள். எது நல்லது? ஞாயிற்றுக்கிழமைக்குள் போன் பண்ணு. அதுவரைக்கும் வேறு ஆள் வைத்துக்கொள்கிறேன்.

சம்பந்திக்குக் குந்திரிக்கத் தைலம் வேண்டுமென்றால் சொல், ஆரியங்காவில் வாங்கி அனுப்புகிறேன்.

உன்,
செகண்ட் கியர்