பூட்டிய கதவை மட்டும் பார்த்துவிட்டு எழுதிய வரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் மும்பைக்குப் பக்கத்திலுள்ள தானே நகரைப் பற்றி வந்த கட்டுரையில், டெம்பி நாக்காவில் இருக்கும் யூத ஜெபக்கூடத்தைப் பற்றி ஒரே ஒரு வரி இருந்தது. "பூட்டிக் கிடக்கும் இந்தக் கட்டடம், கடைசி மூச்சை இழுத்துக்கொண்டிருக்கும் ஒரு சமூகத்தின் நினைவுச்சின்னம்." அதற்கு மேல் படிக்க எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் நிருபர் வந்தது ஏதோ ஒரு வேலைநாளின் பகல் வேளை என்று படத்தைப் பார்த்தாலே தெரிகிறது. அந்த நேரத்தில் நம் ஊர்ச் சிவன் கோயில் நடையும்தான் சாத்தியிருக்கும். அதை நினைவுச்சின்னம் என்று யாரும் எழுதுவதில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலமோ சனிக்கிழமை காலையோ வந்திருந்தால், 1879ல் கட்டிய அந்தக் கூடத்தில் ஆட்கள் இருப்பதைப் பார்த்திருப்பார். அதன் பெயர் ஷாஅர் ஹஷமாயிம். தமிழில் சொன்னால் சொர்க்கவாசல். அந்தப் பெயரையாவது போட்டிருக்கலாம்.

நான் அந்த இடத்திலிருந்து நடந்துபோகிற தூரத்தில் 31 வருஷமாகக் குடியிருக்கிறேன். எங்கள் மாடியில் எதிர்வீடு ஒரு பெனே இஸ்ரேல் குடும்பம், அதாவது கொங்கணக் கடற்கரை யூதர்கள். வீட்டுப் பேச்சு மராத்தி. அந்த வீட்டுப் பெரியம்மாவை நான் மாவ்ஷி என்றுதான் கூப்பிடுவேன். அவர்கள் புதுவருஷத்துக்கு "நவ்யாச்சா சண்" என்று பெயர். அதற்கு முந்தைய வாரம், தெரிந்த பிள்ளைகளைக் கூப்பிட்டு வைத்து மாவ்ஷியும் இன்னும் இரண்டு பெண்களும் "சிக்சா அல்வா" என்ற கோதுமைப்பால் அல்வாவைக் கிண்டச் சொல்லிக்கொடுப்பார்கள். நானும் போனேன். நான் அம்பாசமுத்திரத்துக்காரி. கோதுமைப்பால் எடுப்பதில் எனக்கு என்ன சொல்லித்தரப் போகிறார்கள் என்ற நினைப்போடுதான் போனேன்.

ராத்திரி முழுக்கத் தெளியவிட்ட பால். மாவ்ஷி பாத்திரத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, விளிம்பில் உள்ளங்கையை அணை கொடுத்து, மேலே நின்ற தண்ணீரை மட்டும் இறுத்தார். என் பாட்டி இறுத்தது அப்படியே! ஆனால் அதற்கப்புறம் நெய் வரவில்லை, தேங்காய்ப்பால் வந்தது. இறைச்சி சாப்பிட்ட பிறகு பால், நெய் சேர்ந்த எதையும் தொடக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். விருந்து முடிந்த பிறகும் அல்வா சாப்பிட வேண்டுமே, அதற்காகத்தான் தேங்காய்ப்பால். அன்று அடுப்பைச் சுற்றிப் பதினோரு பேர் நின்றோம். அதில் நாலு பேர் பள்ளிக்கூடப் பிள்ளைகள். கை ஓய்ந்துபோகும் அந்தக் கிண்டலில் ஒரு பையன் கடைசிவரை கரண்டியை விடவே இல்லை. கடைசி மூச்சு என்று நீங்கள் எழுதியது அந்தப் பிள்ளையைச் சேர்த்துத்தான், ஐயா.

அவர்கள் குறைந்துவிட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். 1948க்குப் பிறகு பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார்கள். நாடு முழுக்கவே இன்று ஐயாயிரம் பேர் அளவில்தான் இருப்பார்கள். ஆனால் குறைவதும் முடிந்துபோவதும் ஒன்றா? தானேயில் நான் ஒரு ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு நடத்தினேன். கடைசி வருஷம் ஏழு பிள்ளைகள் வந்தார்கள். "ஏழு பேருக்கு எதற்கு வகுப்பு" என்று நம்மவர்களே கேட்டார்கள், நானும் நிறுத்திவிட்டேன். எதிர்வீட்டுப் பேத்தி எபிரேய எழுத்து படிக்கப் போகிற வகுப்பில் ஐந்து பேர். அது இன்னும் நடக்கிறது. அந்தப் பிள்ளை நோட்டைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும்போதெல்லாம் எனக்கு என் ஏழு பேர் ஞாபகம் வரும்.

இது எனக்கு முதல் வருத்தமும் இல்லை. நாலு வருஷம் முன்பு கொங்கணக் கடற்கரை யூதர்களைப் பற்றி எழுதி, கறுப்புக் கோட்டும் தொப்பியும் நீளத் தாடியும் வைத்த வெளிநாட்டுக்காரர் படத்தைப் போட்டீர்கள். இங்கே இருப்பவர்கள் ஊர்ப்பெயரோடு "கர்" சேர்த்துக் குடும்பப்பெயர் வைத்துக்கொண்டவர்கள், ஓய்வுநாளான சனிக்கிழமை எண்ணெய்ச் செக்கை நிறுத்திவிடுவதால் "சனிவார் தேலி" (சனிக்கிழமை எண்ணெய்க்காரர்) என்று அழைக்கப்பட்டவர்கள் என்று இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். பதில் இல்லை. அப்புறம் எழுதிய கடிதத்தை வெளியிட்டீர்கள், நன்றி. ஆனால் அதில் ஜெபக்கூடத்தை அவர்கள் "மஷீத்" (மசூதி என்ற அதே சொல்) என்றே சொல்வார்கள் என்று நான் எழுதியதைப் பிழை என்று நினைத்து வெட்டிவிட்டீர்கள். 1796ல் சாமுவேல் எசக்கியேல் திவேகர் கட்டிய ஜெபக்கூடத்தால்தான் மும்பையின் மஸ்ஜித் ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர் வந்தது. இது உங்களுக்குத் தெரியாதது இல்லை. 2016ல் மகாராஷ்டிர அரசு அவர்களைச் சிறுபான்மையினராக அறிவித்தபோது உங்கள் இதழில் ஒரு பெட்டிச்செய்திகூட வரவில்லை. யூத மையமும் தாக்கப்பட்ட 2008 நவம்பர் மும்பைத் தாக்குதலின் நினைவுநாள் வந்தால் மட்டும் யூதர்களைப் பற்றித் தவறாமல் எழுதுகிறீர்கள்.

போன வருஷம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மராத்தியில் யோசேப்பின் கதையைக் கீர்த்தனமாகப் பாடினார்கள். ஆர்மோனியம், தாளம், நடுநடுவே கதை. தஞ்சை மராட்டியர் வழியாக நம் ஹரிகதைக்குள் வந்து சேர்ந்த அதே கீர்த்தன முறைதான். யோசேப்பைக் குழியில் தள்ளிவிட்டு அண்ணன்மார்கள் சாப்பிட உட்காரும் இடத்தில் பாடிய அம்மாவுக்குக் குரல் உடைந்தது. கூட்டத்தில் ஒரு சத்தம் இல்லை. நம் தமிழர்களும் வந்து கேட்கட்டும் என்று உங்கள் "நிகழ்ச்சிகள்" பகுதிக்கு மூன்று வாரம் முன்பே எழுதி அனுப்பியிருந்தேன். தொலைபேசியில் கேட்டபோது, "இது நம்ம வாசகர்களுக்கு எதுக்கும்மா" என்றார் உங்கள் அலுவலகத்தில் ஒருவர். மரியாதையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அந்த "நம்ம" இன்னும் ஆறவில்லை.

ஏனென்றால் அதே வருஷம் கொச்சி யூதர்களைப் பற்றி ஓர் உரைக்குப் போயிருந்தேன். கொச்சியிலிருந்து வந்த ஆசிரியர்கள்தான் ஒரு காலத்தில் கொங்கணத்து யூதர்களுக்கு எபிரேயம் சொல்லிக்கொடுத்தவர்கள். 1832லேயே ஜான் வில்சன் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் மராத்தியில் எபிரேய இலக்கணம் அச்சிட்டிருக்கிறார். இவர்களுக்கு வகுப்பு என்பது நேற்று முளைத்த பொழுதுபோக்கு இல்லை. அந்த உரையில், கி.பி. 1000 வாக்கில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் யூத வணிகர் ஜோசப் ரப்பானுக்கு அஞ்சுவண்ணம் என்ற வணிகக்குழு உரிமையும் 72 உரிமைகளும் கொடுத்த செப்பேட்டைத் திரையில் காட்டினார்கள். வட்டெழுத்து! பக்கத்தில் இருந்த மாவ்ஷி என் கையைத் தட்டி, "இது உங்கள் எழுத்துத்தானே, படி" என்றார். எனக்கு ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை. தன் பேத்திக்குத் தன் எழுத்தைச் சொல்லித்தரும் ஒருவர் முன்னால் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். "நம்ம வாசகர்" என்று உங்கள் அலுவலகத்துக்காரர் சொன்னபோது எனக்கு அந்த நிமிஷம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

சரி, நான் கேட்பது இரண்டுதான். அடுத்த இதழில், அந்த ஜெபக்கூடம் வழிபாட்டில் இருக்கிறது என்று ஒரு வரி திருத்தம் போடுங்கள். இந்த வருஷமும் பண்டிகைக்கு முந்தைய வாரம் அல்வா வகுப்பு உண்டு. மாவ்ஷியிடம் கேட்டுவிட்டேன், வெளியாரும் வரலாம் என்றார். அதை "நிகழ்ச்சிகள்" பகுதியில் போடுங்கள். பாதுகாப்புக் காரணமாக வீட்டு முகவரி வேண்டாம், உங்கள் அலுவலகத்தில் கேட்டால் என் எண்ணைக் கொடுத்தால் போதும். வருகிறவர்கள் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். கோதுமை எவ்வளவு ஊறவைப்பது என்று மாவ்ஷிக்குத் தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
31 வருஷ வாசகி,
தானே (மேற்கு)