பாரம் எவ்வளவு என்று முதலில் கேள்

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய இரண்டு பாய்மரப் படகுகளின் விவரத் தாள்களும் வந்தன. கடையில் கொடுத்துப் பெரிய எழுத்தில் அச்செடுத்துக்கொண்டு, சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து படித்தேன். வேலையை விட்டுவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு மூன்று வருடம் கடலில் சுற்றுவது பற்றி நான் சொல்ல வேண்டியதையெல்லாம் போனில் சொல்லித் தீர்த்தாயிற்று. நீங்கள் கேட்கப் போவதில்லை என்றும் தெரிந்துவிட்டது. இனி எந்தப் படகு என்பதை மட்டும் பேசுவோம். உன் அப்பா போன பிறகு லாரிகளை வைத்துத் தொழில் நடத்தியவள் நான். கடல் தெரியாது, வண்டி தெரியும்.

லேகூன் 42, லெப்பர்ட் 42 இரண்டும் நீளத்தில் ஒன்றுதான்: 12.80 மீட்டர், 12.67 மீட்டர். வெறும் படகாக எடையும் இரண்டுக்கும் பன்னிரண்டு டன்னை ஒட்டியே வருகிறது. முதலாவது பிரான்ஸ் கம்பெனியுடையது, இரண்டாவது தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் கட்டுவது. அங்கே கட்டிய படகுகள் பலவற்றை ஆட்களே ஓட்டிக்கொண்டு அட்லாண்டிக்கைத் தாண்டி வாங்கியவரிடம் சேர்க்கிறார்களாம். நம் ஓசூர் ஆலையிலிருந்து கேபின்கூட இல்லாத சேசிஸ்களைத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஓட்டிப் போவார்களே, அந்த டிரைவர்கள் நினைவுக்கு வந்தார்கள். அப்படிக் கடல் தாண்டி வந்த படகு என்றால் ஒரு மரியாதை உண்டு. அதே சமயம் அது புத்தம் புதிது என்று யாராவது சொன்னால் எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று கேள்.

சோபாவின் நிறம், அடுப்படி மேடை, முன்பக்கக் கதவு என்று நீ இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். பாரத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. நான் வண்டி வாங்கும்போது முதலில் பார்ப்பது காலி எடை எவ்வளவு, ஏற்றக்கூடியது எவ்வளவு என்பதைத்தான். தொப்பூர் இறக்கத்தில் அளவுக்கு மேல் ஏற்றிக்கொண்டு இறங்கிய வண்டிகளின் கதி உனக்கும் தெரியும். ஹல் என்றால் தண்ணீரில் மிதக்கும் அடிக்கூடு. இந்த இரட்டை ஹல் படகுகளில் பாரம் ஏறினால் இரண்டு ஹல்லும் அமிழும், அவற்றை இணைக்கும் நடுத்தளம் தண்ணீரை நெருங்கும். அலை அதன் அடியில் வந்து மோதும். அந்தச் சத்தத்தில் பிள்ளைகள் தூங்க மாட்டார்கள். வேகமும் போய்விடும்.

ஐரோப்பியச் சான்று பெற்ற படகில் கட்டியவர் ஒரு தகடு பொருத்தியிருப்பார். எத்தனை பேர், அதிகபட்சம் எவ்வளவு சுமை என்று அதில் இருக்கும். பொருத்திய தொட்டிகளில் நிரப்பும் டீசலும் தண்ணீரும் அந்தச் சுமைக் கணக்கில் வராது என்பதை மறக்காதே. லேகூனில் டீசல் தொட்டி 300 லிட்டர் வீதம் இரண்டு. நிரப்பினால் 500 கிலோ. அது தனி. தகட்டில் உள்ள அளவுக்குள் நீங்கள் நால்வர், சாமான்கள், அரிசி, புத்தகங்கள், ரப்பர் படகு, அதன் எஞ்சின், மாப்பிள்ளை கேட்கிற கூடுதல் பேட்டரிகள் எல்லாம் அடங்க வேண்டும். 10 மில்லிமீட்டர் நங்கூரச் சங்கிலி நூறு மீட்டர் எடுத்தால் அதுவே 200 கிலோவைத் தாண்டும். அதுவும் முன்பக்கம் ஏறுகிற எடை. முன்பக்கம் எடை ஏறினால் படகு தலையை ஆட்டிக்கொண்டே போகும்.

அகலத்தில்தான் இரண்டும் பிரிகின்றன. லேகூன் 7.70 மீட்டர், லெப்பர்ட் 7.04. மூன்று லாரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திய அகலம் லேகூனுக்கு. வீட்டுக்குள் தாராளம், தண்ணீரில் உறுதி. ஆனால் கரையேற்றிப் பழுது பார்க்கும்போது பட்டறையில் படகைத் தூக்கும் கிரேன் அந்த அகலத்துக்கு இடம் கொடுக்குமா என்று விசாரிக்க வேண்டும். தண்ணீருக்குள் இறங்கும் ஆழம் லேகூனுக்கு 1.25 மீட்டர், லெப்பர்டுக்கு 1.40. அரை அடி வித்தியாசம்தான். பவளப்பாறை ஓரத்தில் அரை அடியும் அடிதான்.

லெப்பர்டின் முன் கதவு எனக்கும் பிடித்திருக்கிறது. அறைக்குள் நேரே காற்று வரும். வெயிலில் காய்ந்த கண்ணாடி பீடிங் ரப்பர் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தக் கதவின் ரப்பரை நகத்தால் அழுத்தினால் குழி விழுந்து மேலே வர வேண்டும், வெடித்து மாவாக உதிரக் கூடாது. கதவைச் சாத்தி வெளியே பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றச் சொல். உள்ளே கீழ் மூலையில் பழைய செய்தித்தாளை வைத்துப் பார். விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

லேகூனில் பாய்மரத்தைச் சற்றுப் பின்னால் தள்ளி நிறுத்தியிருக்கிறார்கள். திசை மாற்றும்போது முன்பாய் தானே அந்தப் பக்கம் போய்விடுகிறது. இரவில் ஒருவர் தூங்க, ஒருவர் காவல் இருக்கும் குடும்பத்துக்கு இது பெரிய சௌகரியம். மெல்லிய பின்காற்றில் அந்தச் சின்ன முன்பாய் இழுக்காது என்றால், தனியாக ஒரு பெரிய மெல்லிய பாய்க்குப் பணம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

எனக்கு இருக்கிற ஒரே பயம் இது. ஒற்றை ஹல் படகு காற்று அதிகமானால் சாய்ந்து எச்சரிக்கும். உங்களுடையது சாயாது, நிமிர்ந்தே நிற்கும். கவிழ்ந்தால் மீண்டும் நிமிராது. காற்றுமானியில் எந்த எண் வந்தால் பாயைச் சுருக்குவது என்று கட்டியவர் கொடுக்கும் அட்டவணையைச் சுக்கானுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். சராசரிக் காற்றைப் பார்க்காதீர்கள், திடீரென்று அடிக்கும் வீச்சைப் பாருங்கள். மாப்பிள்ளை தைரியசாலி. அதனால்தான் இதை உனக்கு எழுதுகிறேன்.

என் மனம் லேகூன் பக்கம் சாய்கிறது. அது 2016இல் வந்த மாடல், கைமாறும் படகுகள் நிறையக் கிடைக்கும், பேரம் பேசலாம். வாடகைக்கு ஓடிய படகு என்றால் விலை குறைந்தாலும் வேண்டாம். பத்துப் பேர் கைமாற்றி ஓட்டிய வண்டியை நான் ஒருநாளும் வாங்கியதில்லை. இரண்டு தகடுகளையும் படம் எடுத்து அனுப்பு. ஏற்றப் போகிற சாமான்களின் பட்டியலையும் கிலோ போட்டு எழுது. மாங்காய் சீசன் முடிவதற்குள் கூட்டிப் பார்த்துப் பதில் போடுகிறேன்.

அம்மா
கிருஷ்ணகிரி