தென்காசி வண்டி கண்டக்டரின் நன்றி மடல்

எனக்குக் கை கொடுத்த எல்லாருக்கும் வணக்கம்.

திருநெல்வேலி – தென்காசி தடத்தில் பல வருஷம் கண்டக்டராக இருந்தவன் நான். பேட்டை, மாறாந்தை, ஆலங்குளம், பாவூர்சத்திரம் என்று நான் கூப்பிடுகிற சத்தத்தை வைத்தே வண்டி வந்துவிட்டது என்று எழுந்து நிற்கிறவர்கள் உண்டு. கொரோனா ஓய்ந்த சமயத்தில் குரல்வளையில் புற்றுநோய் என்று தெரிந்து, குரல்வளை முழுவதையும் ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். இப்போது உடம்பு தேவலை. பேசவும் செய்கிறேன். ஆனால் ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் வந்து சொல்ல முடியாத அளவுக்கு நன்றிக்கடன் பெருகிவிட்டதால் எழுதுகிறேன்.

முதல் நன்றி என்னோடு வண்டி ஓட்டிய டிரைவர் அண்ணாச்சிக்கு. எங்கள் தொழிலில் தொண்டை கட்டுவது சகஜம். யாரும் அதைப் பெரிதாக எடுக்க மாட்டார்கள். அவர்தான் “மூணு வாரம் தாண்டியும் தொண்டை சரியாகலைன்னா டாக்டர் பார்த்தே ஆகணும்” என்று பிடிவாதமாகக் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் கூட்டிப்போனார். அந்த மூன்று வாரக் கணக்கை இதைப் படிக்கிறவர்களும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆபரேஷன் செய்த டாக்டர் எதையும் மறைக்கவில்லை. இனி மூச்சு மூக்கு வழியாகப் போகாது, கழுத்தில் போடுகிற துளை வழியாகத்தான் போகும் என்றார். அதனால் சூடான டீயை ஊதிக் குடிக்க முடியாது, வாசனை தெரியாது, குளத்தில் இறங்கி நீந்த முடியாது, குளிக்கும்போது துளைக்குள் தண்ணீர் போகாமல் பார்க்க வேண்டும் என்று வரிசையாகச் சொன்னார். “விசிலும் ஊத முடியாதுங்க” என்று அவர் சொன்னபோதுதான் எனக்கு அழுகை வந்தது. புற்றுநோய் என்றபோதுகூட வரவில்லை. அவர் பேசாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். அப்புறம், 1873இல் வியன்னாவில் பில்ரோத் என்ற டாக்டர் புற்றுநோய்க்காக இந்த ஆபரேஷனை முதன்முதலில் செய்தார், அதிலிருந்து எத்தனையோ பேர் இந்த வழியாகப் போய்க் கரையேறியிருக்கிறார்கள் என்றார். அன்றைக்கு எனக்கு அது பெரிய துணை.

பேச்சுப் பயிற்சி கொடுத்த அம்மாவுக்கு எப்படி நன்றி சொல்வேன்! குரல்வளை இல்லாமல் பேச மூன்று வழி இருக்கிறது. கழுத்தில் வைத்து அழுத்துகிற கருவி ஒன்று; அதில் சத்தம் மிஷின் மாதிரி வரும். இன்னொன்று, காற்றை உணவுக்குழாய்க்குள் இழுத்து, அதை ஏப்பம் போல மேலே விட்டுப் பேசுவது. மூன்றாவது, மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவில் ஒரு சின்ன வால்வு வைத்து, கழுத்துத் துளையை விரலால் மூடிக்கொண்டு பேசுவது. நான் இரண்டாவதில் ஆரம்பித்து, பிறகு வால்வுக்கு மாறினேன். அந்த இரண்டாவது வழியில் ப, ட, க மாதிரி எழுத்துகளில் காற்று தானாக உணவுக்குழாய்க்குள் போகும், உயிரெழுத்தில் தொடங்கும் சொல்தான் கஷ்டம். இது தெரிந்த அந்த அம்மா என் தடத்தின் ஊர்ப் பெயர்களையே பாடமாக வைத்தார். பேட்டை சீக்கிரம் வந்துவிட்டது. ஆலங்குளத்துக்கு மாதக்கணக்கில் காத்திருந்தேன். உதட்டை மூடிக்கொண்டு, தாடையைக் கீழே இறக்கிக் கொட்டாவி விடுவதுபோல் செய்தால் மூக்குக்குள் காற்று போய் வாசனை தெரியும் என்பதையும் அவர்தான் பழக்கினார். அப்படித்தான் மல்லிகைப்பூ வாசம் எனக்குத் திரும்பக் கிடைத்தது.

இந்த வால்வைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வெளிநாட்டு வால்வு விலை எங்களைப் போன்ற குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகாது. சுமார் 50 ரூபாயில் ஒரு வால்வை உருவாக்கிய பெங்களூர் டாக்டர் விஷால் ராவ் குழுவை நான் பார்த்ததில்லை. என் போன்றவர்கள் சார்பில் அவர்களுக்கும் நன்றி.

உடம்பு தேறியபிறகுதான் உண்மையான கஷ்டம் வந்தது. கண்ணாடியில் தெரிகிற ஆள் யார் என்றே எனக்குப் பிடிபடவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் போகவே மனம் வரவில்லை. காது கேட்காதவன் என்று நினைத்து என்னிடம் சத்தம் போட்டுப் பேசுவார்கள். போனில் என் குரலைக் கேட்டதும் கட் பண்ணுவார்கள். “நீங்க பழையபடி ஆயிருவீங்க” என்று எல்லாரும் அன்பாகச் சொன்னார்கள். அதைக் கேட்கக் கேட்க, இப்போது இருக்கிற நான் யாருக்கும் வேண்டாம்போல் தோன்றும்.

இதை மாற்றியது என் மனைவி. முதலில் என் உதட்டசைவைப் பார்த்து எனக்காக எல்லா இடத்திலும் அவளே பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு கல்யாண வீட்டில், பக்கத்தில் என்னை வைத்துக்கொண்டே “மாமா எப்படி இருக்காரு?” என்று ஒருவர் அவளிடம் கேட்டார். “அவுக இங்கனதான இருக்காக, அவுககிட்டயே கேளுங்க” என்றாள். கேட்டவரும் நின்றார். நான் சொல்லி முடிக்கிறவரை நின்று கேட்டுவிட்டுத்தான் போனார். அந்தக் கல்யாண வீட்டிலிருந்து நான் ஒரு புது ஆளாகப் பழக ஆரம்பித்தேன்.

பயிற்சிக்கு வந்த இடத்தில் அறிமுகமான தூத்துக்குடி டீச்சருக்கும் நன்றி. அவருக்கும் இதே ஆபரேஷன். இந்தக் குரல் கனமாக வருவதால் போனில் எல்லாரும் அவரை “சார்” என்பார்களாம். ஆணான எனக்கு அந்த வேதனை இல்லை. அவர் எடுத்த எடுப்பில் “நான் டீச்சர் பேசுறேன்” என்று சொல்லிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார். என்ன தைரியம் பாருங்கள்! நானும் இப்போது “நான் கண்டக்டர் பேசுறேன்” என்றே போனை எடுக்கிறேன்.

வேலை போய்விடும் என்று வீடே பயந்திருந்தபோது, சங்கத் தோழர் ஒருவர் 2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைக் கையோடு கொண்டுவந்தார். குரல்வளை அகற்றியதால் வரும் நிரந்தரப் பேச்சுக் குறைபாடு அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. அரசு நிறுவனத்தில் பணிக்காலத்தில் ஒருவருக்குக் குறைபாடு வந்தால் வேலையை விட்டு எடுக்கக்கூடாது, பதவியைக் குறைக்கக்கூடாது, பழைய வேலை முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும் என்று 20ஆம் பிரிவு சொல்கிறது. இன்று நான் டெப்போவில் டிக்கெட் பிரிவில் இருக்கிறேன். அங்கே நான் பேசி முடிக்கிறவரை அவசரப்படாமல் நிற்கிற கண்டக்டர் தம்பிகளே, உங்களுக்கும் நன்றி.

மூச்சு தடையில்லாமல் போகிற மெல்லிய பருத்தித் துணியில், சட்டை நிறத்துக்கு ஏற்ற மாதிரி கழுத்துத் துணி தைத்துக் கொடுத்து, காசு வாங்க மறுத்த மேலப்பாளையம் டெய்லர் பாய்க்கு என் சலாம்.

என் பேத்தி நான் ஆபரேஷன் முடிந்து வந்தபிறகு பிறந்தவள். அவளுக்குத் தாத்தா குரல் என்றால் இதுதான். இந்தக் குரலில் கதை சொன்னால்தான் தூங்குகிறாள். அவளுக்குத் தனியாக நன்றி சொல்லத் தெரியவில்லை.

யார் வீட்டிலாவது இந்த ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தால் பயிற்சி அம்மாவிடம் சொல்லுங்கள்; என் நம்பர் அவரிடம் இருக்கிறது. ஆபரேஷனுக்கு முந்தின நாளே வந்து பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு, மற்ற நாளில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம்.